வாழைச்சேனைக் கடதாசி ஆலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் வரலாற்றுச் செயற்றிட்டம் என்றதும் மட்டக்களப்பு மாவட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டையை எடுப்பார்கள், அல்லது பாடும் மீனை எடுப்பார்கள். கோறளைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மட்டும் கடதாசி ஆலையைத் தேர்ந்துகொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களும், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகளாக இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டு, பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். முன்னே சொன்னதைப் பின்னே மீண்டும் எழுதவில்லை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

கடதாசி ஆலை, கடதாசி ஆலை எண்டு சொல்றாங்களே, அது எங்க இருக்கு?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், வாழைச்சேனையில், வாவியை அண்டி இருக்கிறது. ஓட்டமாவடி, கல்குடா, பாசிக்குடா ஆகிய ஊர்கள் அதன் அயலில் உள்ளவை. பாசிக்குடாக் கடலில் குளிக்கப் போகிற ஆயிரக்கணக்கானோர் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள். இந்நாட்டின் முதலாவது பெரிய கடதாசித் தொழிற்சாலை அங்கே இருப்பது அவர்களில் மிகச் சிலருக்கே தெரியும்.

எப்ப தொடங்கினது? வெள்ளைக்காரன் காலத்திலயா?

இல்லை. உற்பத்தி தொடங்கியது 1956-இல், அதாவது சுதந்திரம் கிடைத்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அக்காலத்தில் அரசு தொடங்கிய ஆலைகள் முதலில் திணைக்களங்களின் கீழ் இருந்து, பின்னர் கூட்டுத்தாபனங்களாக மாற்றப்பட்டன. 1957-ஆம் ஆண்டின் 49-ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் அவ்வகை நிறுவனங்களுக்கு நிலையான சட்ட அடித்தளத்தைக் கொடுத்தது. ஆலையை நடத்திய அமைப்பின் பெயர் கிழக்கிலங்கைக் கடதாசி ஆலைக் கூட்டுத்தாபனம். அது பிற்காலத்தில் தேசிய கடதாசிக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. பழைய ஆவணங்களில் இரண்டு பெயர்களையும் கண்டு இரண்டு ஆலைகள் என்று எழுதி வந்த பிள்ளைகள் உண்டு.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் கட்டின ஆலை எண்டு அப்பா சொல்றார். அது சரியா?

பாதி சரி. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சராக இருந்தார். காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி ஆகிய மூன்றும் அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலுக்குப் பிறகு டட்லி சேனாநாயக்க பதவி விலகி, ஒக்டோபரில் சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானபோது பொன்னம்பலம் அமைச்சரவையிலிருந்து வெளியேறிவிட்டார். அதன் பிறகு கைத்தொழில் அமைச்சைப் பொறுப்பேற்றவர் சேர் கந்தையா வைத்தியநாதன். திருக்கேதீச்சரத் திருப்பணியோடு சேர்த்தே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1956 ஏப்ரலில் ஆட்சியே மாறிவிட்டது.

எனவே, பொன்னம்பலம் காலத்தில் கருவுற்று, வேறு அமைச்சர்களின் காலத்தில் பிறந்த ஆலை என்று எழுதினால் பிழை வராது. ஒரு பெரிய ஆலையை ஒருவர் கட்டினார் என்று சொல்லும் வழக்கத்தையே நான் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

தமிழர் பகுதிக்குக் குடுக்க வேணும் எண்டுதான் வாழைச்சேனையில வைச்சாங்களா?

மேலே சொன்ன மூன்று ஆலைகளும் வடக்கிலும் கிழக்கிலும் அமைந்தமையால் இந்த எண்ணம் எழுகிறது. அரசியல் ஆர்வம் எதுவும் இருக்கவில்லை என்று சொல்ல நான் முனையவில்லை. ஆனால் மூலப்பொருளைப் பார்த்தால் இடத்தேர்வு தானாகவே விளங்கும். சீமெந்துக்குச் சுண்ணக்கல் வேண்டும். அது யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிறைய உண்டு. பரந்தனில் செய்த எரிசோடாவுக்கு, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரத்துக்கு, உப்பு வேண்டும். அது ஆனையிறவில் விளைந்தது. கடதாசிக்கு நார் வேண்டும். புல்லும் வைக்கலும் கிழக்கில் கிடந்தன. இதே காலப்பகுதியில் அரசு நடத்திய ஒட்டுப்பலகை ஆலை காலிக்கு அருகே கிந்தோட்டையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாழைச்சேனைக்கு இன்னும் இரண்டு வசதிகள் இருந்தன. மட்டக்களப்புக்கான புகையிரதப் பாதை 1928-இலேயே திறக்கப்பட்டுவிட்டது. பொலன்னறுவையிலிருந்து மனம்பிட்டி, வெலிக்கந்தை, புணானை வழியாக வரும் அப்பாதை வாழைச்சேனையைத் தொட்டே செல்கிறது. ஓட்டமாவடியில் இருந்த பழைய இரும்புப் பாலத்தின் மீது வண்டியும் புகையிரதமும் ஒரே பாதையில் மாறி மாறிப் போனதை வயதானவர்கள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். மற்றது, சுற்றிலும் இருந்த பரந்த நிலம். இல்லாத வசதி ஒன்றும் உண்டு: கடதாசியை வாங்குவோர் பெரும்பாலும் கொழும்பில் இருந்தார்கள். அந்தத் தூரம் கடைசி வரை செலவாகவே நின்றது.

வைக்கலில கடதாசி செய்யலாமா? மரம் வேணாமா?

செய்யலாம். கடதாசி என்பது செலுலோசு நார்களின் மெல்லிய படுக்கை. அந்த நார் மரத்தில் இருக்கிறது. வைக்கலிலும், புல்லிலும், கரும்புச் சக்கையிலும், பருத்தித் துணியிலும்கூட இருக்கிறது. மரக்கூழ் உலகெங்கும் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்; அதற்கு முன்னர் ஐரோப்பாவில் கந்தைத் துணியே கடதாசிக்குப் பெரிய மூலப்பொருளாக இருந்தது. ஊசியிலைக் காடுகள் இல்லாத நாடு, தன் வயலில் கிடப்பதைக் கொண்டு கடதாசி செய்ய நினைத்ததில் வியப்பில்லை.

எங்கட அம்மப்பா இலுக்கில செய்த கடதாசி எண்டு சொன்னார். நீங்க வைக்கல் எண்டு சொல்றீங்க?

இரண்டும் உண்மை. தொடக்கத்தில் ஆலையின் நம்பிக்கை இலுக்குப் புல்லின் மீதே இருந்தது. சேனை செய்து கைவிட்ட நிலங்களில் தானாக முளைத்துப் பரவுகிற, வீடு வேயப் பயன்பட்ட அதே புல்தான். அதன் நார் வைக்கல் நாரைவிடத் தரமானது என்று கருதப்பட்டது. ஆனால் இலுக்கு ஓரிடத்தில் குவிந்து கிடப்பதில்லை. ஆள் விட்டு அரிந்து, கட்டி, காட்டுப் பாதைகளால் ஏற்றி வர வேண்டும். ஆலை என்பது ஒவ்வொரு நாளும் பசிக்கிற வயிறு. வைக்கலோ நெல்லடிக்கும் களமான களவெட்டியில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. ஆகவே காலப்போக்கில் வைக்கலே முதன்மை மூலப்பொருள் ஆயிற்று. அம்மப்பா எந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசினார் என்று கேட்டுப் பாருங்கள்.

வைக்கல் எப்படிக் கடதாசியாகுது? விளங்கிற மாதிரிச் சொல்லுங்க.

வைக்கலில் செலுலோசு நார்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது இலிக்னின் என்னும் பொருள். அந்த ஒட்டைக் கரைத்தால் நார் தனியாகும். முதலில் வைக்கலைத் துண்டுகளாக நறுக்கி, மண்ணையும் பதரையும் நீக்குவார்கள். பிறகு பெரிய மூடிய கொதிகலனில் எரிசோடாக் கரைசலோடு சேர்த்து, நீராவி அழுத்தத்தில் அவிப்பார்கள். மரத்தோடு ஒப்பிட்டால் வைக்கல் விரைவில் வேகும்; எரிசோடாவும் குறைவாகவே போதும். வெந்த பின் கழுவினால் நாரும், இலிக்னின் கரைந்த கறுப்புத் திரவமும் பிரியும். உத்தேசமாக இரண்டரை முதல் மூன்று தொன் வைக்கலிலிருந்து ஒரு தொன் வெண்கூழ் கிடைக்கும். மிச்சமெல்லாம் அந்தத் திரவத்தோடு போய்விடும்.

கழுவிய கூழ் பழுப்பு நிறமாக இருக்கும். எழுதும் கடதாசி வேண்டுமானால் குளோரீன் சேர்ந்த பொருள்களால் வெளுக்க வேண்டும். வெளுத்த கூழை அடித்துச் சாந்தாக்கி, வெண்களி போன்ற நிரப்பிகளைச் சேர்த்து, மை ஊறிப் பரவாமல் இருக்கப் பசையும் இடுவார்கள்.

இதற்குப் பின் வருவதுதான் கடதாசி இயந்திரம். கூழை அப்படியே இயந்திரத்தில் ஊற்றுவதில்லை. நூறு பங்கில் தொண்ணூற்றொன்பது பங்கு நீராகும் வரை கரைத்து, ஓடிக்கொண்டிருக்கும் நுண்ணிய கம்பி வலையின் மீது பரப்புகிறார்கள். நீர் கீழே வடிய, நார்கள் வலையின் மீது பின்னிக்கொண்டு ஈரத் தாளாகின்றன. அத்தாள் அழுத்தும் உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு, நீராவியால் சூடாக்கப்பட்ட இரும்பு உருளைகளின் மீது வரிசையாக ஓடிக் காய்ந்து, மறுமுனையில் பெரிய சுருளாகச் சுற்றப்படுகிறது. தாள் இடையில் அறுந்தால் மீண்டும் கோத்து ஓடவிடுவதற்குள் கூழும் நீராவியும் நேரமும் வீணாகும். அதனால்தான் இத்தகைய இயந்திரத்தை இரவு பகலாக நிறுத்தாமல் ஓட்டுவார்கள். மின்சாரம் ஒரு நிமிடம் போனாலும் அது சிறிய விடயமன்று.

இவ்வளவு எரிசோடாவும் எங்கயிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை எவராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் ஆலையின் கதை முழுவதும் இதில் இருக்கிறது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பை நீரில் கரைத்து மின்பகுப்புச் செய்து, ஒருபக்கம் எரிசோடாவும் மறுபக்கம் குளோரீனும் எடுத்தது. ஒரு கடதாசி ஆலைக்கு அவிப்பதற்கு முதலாவது பொருள் வேண்டும், வெளுப்பதற்கு இரண்டாவது வேண்டும். அதாவது ஆனையிறவு உப்பளம், பரந்தன், வாழைச்சேனை என்ற மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள்.

நமது மக்கள் இவற்றைத் தனித்தனியான மூன்று பெருமைகளாகச் சொல்கிறார்கள். நான் இதை ஒரு சங்கிலி என்று வலியுறுத்துவதற்குக் காரணம், பின்னர் ஆலை ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

வைக்கல் எங்க பார்த்தாலும் கிடக்குது. பிறகேன் மூலப்பொருள் தட்டுப்பாடு எண்டு சொல்றீங்க?

எங்கே பார்த்தாலும் கிடக்கிறது என்பதுதான் சிக்கல். வெள்ளாமை வெட்டுக்குப் பிறகு சில வாரங்களுக்கு வைக்கல் மலை மலையாகக் கிடக்கும்; பிறகு அடுத்த போகம் வரை இல்லை. பெரும்போகத்து வைக்கல் மாசி, பங்குனியிலும், சிறுபோகத்து வைக்கல் ஆவணியிலும் வரும். ஆலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே அந்தச் சில வாரங்களுக்குள் வாங்கி, கட்டி, ஏற்றி, மழை படாமல் குவித்து வைக்க வேண்டும். வைக்கலோ பாரம் குறைந்தது, இடம் நிறையப் பிடிப்பது. ஒரு லொறி நிறைந்து வழிந்தாலும் தராசில் ஏற்றினால் சொற்பமாகவே இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், பாதைகள் எப்படியிருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. ஈரமாய்க் குவித்த வைக்கல் உள்ளே சூடேறி அழுகும். காய்ந்து குவித்தது ஒரு நெருப்புப் பொறிக்குக் காத்திருக்கும்.

விவசாயியின் கணக்கு வேறு. மாட்டுக்கு எடுத்தது போக மிஞ்சியதை வயலிலேயே கொளுத்திவிட்டால் அடுத்த உழவுக்கு நிலம் தயார்; கூலியும் இல்லை. வைக்கலைக் கட்டி வீதிக்குக் கொண்டுவரும் கூலியை ஆலை கொடுக்கும் விலை ஈடுசெய்யாவிட்டால் எந்தப் போடியாரும், அதாவது வயற்சொந்தக்காரரும், அதற்கு ஆள் விடமாட்டார். சூடடித்த காலத்தில் வைக்கல் குறைந்தபட்சம் களவெட்டியில் ஒரே இடத்தில் குவிந்தது. இப்போதைய அறுவடை இயந்திரங்களோ வைக்கலை வயல் முழுவதும் சிதறவிட்டுப் போகின்றன. இன்று யாரேனும் வைக்கலில் ஆலை ஓட்ட விரும்பினால், அதைச் சேர்த்துக் கட்டும் இயந்திரத்தோடுதான் தொடங்க வேண்டும்.

மண்ணின் பக்கமும் ஒன்று உண்டு. ஒரு தொன் வைக்கல் வயலிலிருந்து வெளியேறும்போது ஏறத்தாழ 40 முதல் 70 கிலோகிராம் வரை சிலிக்கனும், குறிப்பிடத்தக்க அளவு பொற்றாசியமும் அதோடு வெளியேறுகின்றன. வைக்கல் யாருக்கும் வேண்டாத குப்பை என்ற பேச்சு முழுமையானதன்று.

வைக்கலை மட்டும் போட்டு நல்ல கொப்பிக் கடதாசி எடுக்கலாமா?

கடினம். வைக்கல் நாரின் சராசரி நீளம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். ஊசியிலை மர நார் மூன்று மில்லிமீற்றர் அளவில் இருக்கும். குறுநார்களால் மட்டும் பின்னிய ஈரத்தாள் இயந்திரத்தில் எளிதில் அறும். அத்துடன் வைக்கற்கூழில் நீர் மெதுவாகவே வடிவதால் இயந்திரத்தை வேகமாக ஓட்டவும் முடியாது. எனவே வலுவுக்காக நீள்நார்க் கூழ் சிறிது சேர்ப்பது வழக்கம், அது இறக்குமதியாகவே வர வேண்டும். உள்நாட்டு மூலப்பொருளில் இயங்கும் ஆலை என்ற பெருமைக்குள் எப்போதும் ஒரு பங்கு அந்நியச் செலாவணி ஒளிந்திருந்தது.

சிலிக்காவால பிரச்சினை எண்டு விஞ்ஞான சேர் சொன்னார். அது என்ன பிரச்சினை?

நெல் தன் தண்டையும் இலையையும் சிலிக்காவால் வலுப்படுத்துகிறது. நெல்லோலை கையைக் கிழிப்பது அதனால்தான். வைக்கலை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. வைக்கலை எரிசோடாவில் அவிக்கும்போது அதுவும் கரைந்து கறுப்புத் திரவத்துக்குள் போய்விடுகிறது.

மரத்தை அவிக்கும் ஆலைகள் அந்தத் திரவத்தை வற்றவைத்து எரித்து, ஒருபுறம் நீராவியும் மறுபுறம் பழைய எரிசோடாவும் மீட்டெடுக்கின்றன. அவர்களுடைய இலாபத்தின் இரகசியம் அதுதான். சிலிக்கா கலந்த திரவமோ வற்ற வற்றக் கூழாகத் தடித்து, குழாய்களில் கல்லாகப் படிகிறது. ஆகவே மீட்பது மிகக் கடினம். ஒவ்வொரு முறையும் புது எரிசோடா வாங்க வேண்டும், பழைய திரவத்தை எங்கேயாவது விட வேண்டும். வாழைச்சேனைக்கு மட்டும் நேர்ந்த குறையன்று இது. வைக்கலை நம்பிய ஆலைகள் எல்லா நாடுகளிலும் இதே கல்லில்தான் இடறின.

அந்தத் திரவத்தை வாவிக்குள்ளயா விட்டாங்க?

ஆலைக் கழிவுநீர் வாழைச்சேனை வாவியைச் சேர்ந்தது. இதை மறைத்து ஆலையைப் புகழ்வது நேர்மையாகாது. கறுப்புத் திரவம் நீரில் கலந்தால் நிறம் மட்டும் மாறுவதில்லை. அதிலுள்ள சேதனப் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறைந்து, மீனும் இறாலும் மூச்சுவிட முடியாமல் போகின்றன. அக்காலத்துக் கடதாசி ஆலைகள் ஒரு தொன் கடதாசிக்கு நூறு கனமீற்றருக்கு மேல் நீரைப் பயன்படுத்துவது வழக்கமாதலால், வெளியேறிய நீரின் அளவும் சிறியதன்று. கண்டல் சூழ்ந்த, வாய் குறுகிய ஒரு வாவிக்கு அது பெரும் பாரம்.

ஆலைச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களும் வாவியை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் ஒரே ஊரில் இருந்தன. சில வீடுகளில் அண்ணன் ஆலையிலும் தம்பி தோணியிலும் இருந்தார்கள். செயற்றிட்டத்தில் இரண்டு தரப்பையும் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியில போர்தானே ஆலையை மூடினது?

இக்கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். போர் தந்த அடி மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. 1980-களின் நடுப்பகுதியில் பரந்தன் ஆலை நின்றது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் கிழக்கில் இயல்பு வாழ்க்கையே சிதைந்தது. புகையிரதமும் பல ஆண்டுகள் மட்டக்களப்புக்கு வரவில்லை. வைக்கல் வர வேண்டிய வயல்களுக்கே உரியவர்கள் போக முடியாத காலம் அது. தொழிலாளர் பலர் இடம்பெயர்ந்தார்கள், சிலர் திரும்பவேயில்லை.

ஆனால் போருக்கு முன்பே ஆலையின் காலடி நிலம் கரையத் தொடங்கியிருந்தது. 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால், உள்நாட்டுக் கடதாசிக்கு, தரத்தைக் கேளாமல் வாங்க ஆள் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்தபின், வெள்ளையும் மென்மையுமான வெளிநாட்டுக் கடதாசி குறைந்த விலையில் இறங்கிற்று. 1973-இன் எண்ணெய் விலையேற்றம் நீராவியில் உயிர்வாழும் ஒரு தொழிலுக்கு ஏற்கெனவே சுமையாகியிருந்தது. 1978 நவம்பர் 23-ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. இவற்றோடு, மேலே சிலிக்கா, நார்நீளம், வைக்கற்கூலி பற்றி எழுதிய எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

என் கருத்து இது: போர் இல்லாதிருந்தால் ஆலை பிழைத்திருக்கலாம், ஆனால் அதே ஆலையாக அன்று. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக அறுந்தது. போர் அவற்றுள் மிகப் பெரிய கண்ணிகளை அறுத்தமையால், மற்றவை அறுந்த சத்தம் நமக்குக் கேட்கவில்லை.

எம்பிலிப்பிட்டியில புது ஆலை கட்டினதாலதான் எங்கட ஆலை விழுந்தது எண்டு சொல்றாங்களே?

1978-இல் எம்பிலிப்பிட்டியில் இரண்டாவது அரச கடதாசி ஆலை தொடங்கப்பட்டது உண்மை. அதுவும் வைக்கலை நம்பிய ஆலையே. கொழும்புக்கு அது கிட்ட. போரும் அதைத் தொடவில்லை. அதனால் மனக்குறை எழுவது இயல்பு. ஆயினும், அந்த ஆலையும் வைக்கற்கூழை நெடுங்காலம் தொடர முடியாமல் திணறி, அரசின் கையிலிருந்து போய்விட்டது. போர் எட்டாத இடத்தில் அதே முறைக்கு நேர்ந்த கதி, முந்திய பதிலில் நான் சொன்னதற்கு ஒரு நல்ல சான்று.

அம்பாறையில ஹிங்குராணைச் சீனி ஆலை இருக்கே. அந்தக் கரும்புச் சக்கையில செய்திருக்கலாம்தானே?

நல்ல யோசனை; இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், கரும்புச் சக்கையிலிருந்து பெருமளவில் கடதாசி செய்கிறார்கள். சக்கையில் சிலிக்காவும் வைக்கலைவிடக் குறைவு. ஆனால் சீனி ஆலைக்குச் சக்கைதான் விறகு. கரும்பைப் பிழிந்த சக்கையை எரித்தே அது தன் நீராவியை உண்டாக்குகிறது. சக்கையைக் கடதாசிக்குக் கொடுத்தால் அதற்கு ஈடாக எண்ணெயோ நிலக்கரியோ கொடுக்க வேண்டும். அத்துடன் ஹிங்குராணையும் வாழைச்சேனையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. மேலே சொன்ன ஏற்றுக்கூலிச் சிக்கல் இங்கும் உண்டு.

2022-இல கடதாசி இல்லாமப் பரீட்சையே நிண்டது. அப்ப இந்த ஆலையால ஏன் ஏலாமப் போச்சு?

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசியும் மையும் இன்றி ஒத்திவைக்கப்பட்டன. இறக்குமதிக்கு டொலர் இல்லாமையே காரணம். அப்போது பலருக்கும் திடீரென வாழைச்சேனை நினைவுக்கு வந்தது. ஆனால் எழுதும் கடதாசிக்கு வெண்கூழ் வேண்டும். கூழ் அவிக்கும் பகுதி ஓடாத ஆலை அதை வெளியிலிருந்தே வாங்க வேண்டும், அதற்கும் டொலரே வேண்டும். பல ஆண்டுகள் நின்ற கொதிகலனையும் உருளைகளையும் ஒரு தவணைக்குள் உயிர்ப்பிக்க முடியாது.

இப்ப பழைய கடதாசியில ஓடுது எண்டு கேள்விப்பட்டன். அப்ப அது அதே ஆலைதானே?

பெயரும் காணியும் அதே. தொழில் வேறு. 2020-க்குப் பின்னர் கழிவுக் கடதாசியை மூலப்பொருளாகக் கொண்டு ஆலையை இயக்கும் வேலை தொடங்கியது. பழைய கடதாசியை நீரில் கரைத்து மீண்டும் தாளாக்குவதில் அவிப்பதில்லை, எரிசோடாச் சுமை மிகக் குறைவு, கறுப்புத் திரவம் இல்லை. வாவிக்கு அது நல்ல செய்தி. மறுபுறம், ஒவ்வொரு சுற்றிலும் நார் குறுகித் தேய்கிறது. ஐந்தாறு சுற்றுக்கு மேல் அது தாங்காது. அதனால் இம்முறையில் வருவது பெரும்பாலும் மட்டைக்கும் பொதி கட்டுவதற்கும் உகந்த கடதாசியே. விவசாயிக்கும் ஆலைக்கும் இருந்த உறவு இதில் இல்லை.

எங்கட வீட்டில 1960-களில எழுதின கொப்பி ஒண்டு இருக்கு. அது வாழைச்சேனைக் கடதாசியா எண்டு எப்படிப் பார்க்கிறது?

வைக்கற் கடதாசியா என்று பார்க்கலாம். வாழைச்சேனைக் கடதாசியா என்று உறுதிப்படுத்துவது வேறு. அத்தாளின் ஓரத்தில் மிகச் சிறிய துண்டை எடுத்து, நீரில் ஊறவைத்து, ஊசியால் நார்களைப் பிரித்து, பாடசாலை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். நெல் வைக்கலாக இருந்தால், மெல்லிய குறுநார்களுக்கிடையே அரிவாள்பல் போன்ற விளிம்புடைய மேற்றோற் கலங்கள் தென்படும். மரக்கூழில் அவை இருப்பதில்லை. தொட்டுப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்: வைக்கற் கடதாசி விறைப்பாக, அசைத்தால் சலசலப்பதாக இருக்கும்.

ஆனால் பிற ஆசிய நாடுகளும் வைக்கற் கடதாசி செய்தன. அதுவும் இங்கே வந்திருக்கலாம். கொப்பியின் அட்டையில் அச்சகப் பெயரோ அரசாங்க முத்திரையோ இருந்தால் அதைப் பிரதியெடுத்து வையுங்கள். தயவுசெய்து எழுத்துள்ள பக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

ஆலையில வேலை செய்த ஒராளைச் சந்திக்கப் போறன். என்ன கேக்கிறது?

ஆலை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நல்லா இருந்தது தம்பி என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பகுதியில் வேலை, வைக்கற் களத்திலா, அவிக்கும் இடத்திலா, இயந்திரத்திலா, வெட்டும் பகுதியிலா என்று தொடங்குங்கள். இரவு முறையில் எத்தனை பேர், அவர்கள் எந்த எந்த ஊர், சாப்பாடு எங்கிருந்து வந்தது, தாள் அறுந்தால் முதலில் ஓடுவது யார், எரிசோடா கையில் பட்டால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இயந்திர உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களை, அவை ஆங்கிலத்தின் சிதைவாக இருந்தாலும், சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அச்சொற்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை.

முதல் முறை போகும்போது கொப்பியை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. தேநீர் குடித்து முடிந்தபின், பழைய சம்பளத் துண்டோ அடையாள அட்டையோ வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். சூறாவளியிலும் இடப்பெயர்விலும் தப்பிய ஒரு தகரப் பெட்டி பெரும்பாலும் இருக்கும். அதைத் திறப்பது அவர்களாகவே இருக்கட்டும்.